'சரீங்க' என்றவனின் வாக்குமூலம்

1

என் மகள் கயல் போலீஸ் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறாள். போன மாதம் ஒரு நாள் சாப்பிடும்போது, "அப்பா, எங்க டிரெயினிங் ஸ்கூலுக்குக் கைதியா நடிக்க ஆள் வேணுமாம். இங்கிலீஷ் சரியா வராத ஆளா இருந்தா நல்லதாம். நீங்க வர்றீங்களா?" என்று கேட்டாள். பதினோரு வருடமாக இங்கிலாந்தில் குப்பை கொட்டுகிறவனை அவன் பெற்ற மகளே இப்படிக் கேட்டால் எப்படியிருக்கும்? என் மனைவி சுமதி ரசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நான் ரோஷத்தில் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை போனேன். ஒரு மேசை, நான்கு நாற்காலி, சுவரோரம் குறிப்பேட்டுடன் பத்துப் பதினைந்து பயிற்சிக் காவலர்கள். கயல் வேறு பிரிவு என்பதால் அந்த அறையில் இல்லை. என் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். நான் கிடங்கில் வேலை செய்கிறவன், உடன் வேலை செய்பவரின் போன் காணாமல் போயிருக்கிறது, நான் எடுக்கவில்லை, எனக்கு ஆங்கிலம் அரைகுறை. கிடங்கில் துணி சரிபார்க்கும் வேலைதான் நிஜமாகவே என் பிழைப்பு. நடிக்க ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எதிரே உட்கார்ந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினான். என் உரிமைகளை ஒவ்வொன்றாகப் படித்து, புரிந்ததா என்றான். "யெஸ் சார்." வக்கீல் வேண்டுமா? "யெஸ் சார்." வக்கீல் இல்லாமலே பேசலாமா? "யெஸ் சார்." போன் இருந்த இடத்துக்கு நீங்கள் போனீர்களா? "யெஸ் சார்."

நான் நடிக்கவில்லை. அட்டையில் அப்படி எழுதியிருக்கவும் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் சீருடையைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிக்கொண்டே போனது.

பயிற்சி கொடுக்கிற அம்மாள் தலை நரைத்தவர், பல வருடம் ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். மேசையைத் தட்டி நிறுத்தினார். "இவர் இதுவரை உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறார்?" என்று மற்றவர்களைக் கேட்டார். அந்த இடத்துக்குப் போனதை ஒப்புக்கொண்டார் என்று ஒரு பெண் சொன்னாள். "ஒன்றுமே சொல்லவில்லை. உங்கள் சட்டைக்கு மரியாதை கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். புரிந்ததா என்று இனிமேல் யாரையும் கேட்காதீர்கள். என்ன புரிந்தது என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்."

பிறகு என் பக்கம் திரும்பி, பிரமாதமாக நடித்தீர்கள் என்றார். நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். இதே மாதிரி ஒரு விஷயமாகத் திருப்பூரிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. வீட்டில் யாரிடமும் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

2

மின்னஞ்சலை அனுப்பியவர் ஒரு பெண் வக்கீல். ஒரு போலீஸ் ஸ்டேஷனில் பிடித்துவைத்தவர்களை அடித்த பழைய சம்பவங்களைப் பற்றி விசாரணை நடக்கிறது. அதில் திலீப் என்ற வடநாட்டுத் தொழிலாளியின் புகாரும் இருக்கிறது. திருடியதாக அவன் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டான் என்கிறது போலீஸ். இந்தியும் தமிழும் தெரிந்த சாட்சி ஒருவர் கூடவே இருந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று அதற்கு ஆதாரம் காட்டுகிறார்கள். அந்தச் சாட்சி நான். அன்று நடந்ததை விசாரணையில் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன். விசாரணை முடியவில்லை.

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஃப்ளோர் மேனேஜர். கம்பெனி சுமதியின் அண்ணனுடையது. சோமனூர்க்காரனான நான் லூதியானாவில் இரண்டு வருடம் நூல் கொள்முதல் வேலை பார்த்ததில் இந்தி கற்றுக்கொண்டிருந்தேன். அதனால் ரயிலில் வந்து இறங்குகிற வடநாட்டுப் பையன்களுக்கெல்லாம் நான்தான் முதல் வாத்தியார். கட்டிங், செக்கிங், பீஸ் ரேட்டு எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கடைசியாக ஒரே ஒரு தமிழ் வார்த்தை சொல்லிக்கொடுப்பேன். யார் என்ன சொன்னாலும், திட்டினாலும், கேள்வி கேட்டாலும், "சரீங்க" என்று சொல். வேறு எதுவும் தேவையில்லை. இந்த ஒரு வார்த்தை இருந்தால் திருப்பூரில் யாரும் உன்மேல் கோபப்பட மாட்டார்கள்.

அது உண்மையும்தான். எங்கள் பக்கத்தில் சரீங்க என்பதற்கு அர்த்தம் பார்ப்பதில்லை. நீங்கள் பேசியது காதில் விழுந்தது, உங்கள்மேல் மரியாதை இருக்கிறது, மேலே பேசுங்கள் என்பதுதான். வரமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டவர்கூடக் கல்யாண அழைப்பிதழை வாங்கிக்கொண்டு சரீங்க என்பார்.

திலீப் ஓவர்லாக் மெஷினில் துணி ஓரம் அடிக்கிற நல்ல டெய்லர். எங்களிடம் மூன்று திலீப்கள் இருந்ததால் வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் திலீப்-3. ஒரு திங்கட்கிழமை தையல் மெஷின் மோட்டார்கள் நான்கைக் காணவில்லை. ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்குள் வந்துபோனவன் அவன் ஒருவன்தான், விட்டுப்போன செல்போன் சார்ஜரை எடுக்க. மச்சான் போலீசுக்குச் சொன்னார். மறுநாள் காலை ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள், பேச்சு புரியவில்லை, இந்தி தெரிந்த ஆளை அனுப்புங்கள் என்று.

போனேன். "வாங்க, உக்காருங்க, டீ சாப்பிடறீங்களா" என்றார் இன்ஸ்பெக்டர். எங்கள் ஊர்ப் போலீஸ் அவ்வளவு மரியாதை. திலீப் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் பேசும்போது அதே வாயில் 'ங்க' இல்லை, 'டேய்'தான். நான் இந்தியில் கேட்டேன். நான் எடுக்கவில்லை சாப், சார்ஜர் எடுக்கத்தான் வந்தேன் என்றான். அதைத் தமிழில் சொன்னேன். இன்ஸ்பெக்டர் எழுந்துபோய் அவன் முன்னால் நின்றார்.

"டேய், நீதானே எடுத்தே?"

"சரீங்க."

"நாலையும் எடுத்தியா?"

"சரீங்க."

"வித்துப்புட்டியா?"

"சரீங்க."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவனே தமிழ்ல ஒத்துக்கறானுங்க. உங்க இந்தி எதுக்குங்க எங்களுக்கு?"

ஓரமாக உட்கார்ந்திருந்த ஏட்டு எழுதிக்கொண்டே இருந்தார். "மேற்படி நபர் தானாக முன்வந்து, நல்ல மனநிலையில்" என்று தொடங்கி ஒரு பக்கம். திலீப் வாழ்க்கையில் உச்சரித்தேயிராத வார்த்தைகள். அடியில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அந்தச் சரீங்கவை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதற்கு அர்த்தம் இல்லை என்று அந்த அறையில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆளும் நான்தான். கையெழுத்துப் போட்டேன்.

போலீசிடம் கொடுக்கிற ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்று இப்போது வக்கீலம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் மூன்று நாள் வைத்து அடிக்கவும், வித்த இடத்தைக் காட்டு என்று மறுபடி அடிக்கவும், ஜெயிலுக்கு அனுப்பவும் அந்த ஒரு பக்கம் போதுமானதாக இருந்தது. பத்து நாள் கழித்து மோட்டார்கள் கிடைத்தன. அவிநாசிபாளையத்தில் மச்சானுக்கு இன்னொரு சிறிய யூனிட் உண்டு. எங்கள் மெக்கானிக் சனிக்கிழமை இரவே கேட் பாஸ் போடாமல் அங்கே கொண்டுபோய் மாட்டியிருக்கிறார். திலீப் வெளியே வந்து கணக்குத் தீர்க்கக் கம்பெனிக்கு வந்தபோது அவன் வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. ஓவர்லாக்கில் துணி பிடிக்க அந்த இரண்டு விரல்தான் முக்கியம். அவன் என்னைத் திட்டவில்லை. நான் சொன்னதற்கெல்லாம் சரீங்க என்றுவிட்டு ரயிலேறினான்.

அடுத்த வருடம் நானும் விமானம் ஏறினேன். காரணம் இதுதான் என்று சொன்னால் பொய். வேலை கிடைத்தது, வந்தேன்.

3

சொல்கிறேன் என்று வக்கீலம்மாவுக்குப் பதில் எழுதினேன். வெளிநாட்டிலிருந்து வீடியோவில் சாட்சி சொல்ல ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் என் பெயரோடு சேர்ந்து கடைசியில் நிற்கிறது. பழைய வாக்குமூலத்திலோ இனிஷியல் மட்டும். இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க ஒரு சான்று, அந்தச் சான்றில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று இன்னொரு சான்று. நான்தான் நான் என்று சொல்ல மூன்று வாரம் பிடித்தது. அதற்குள் விஷயம் மச்சானுக்குப் போய்விட்டது.

"ஏனுங்க மாப்பிள்ளை, அந்த எழவை இப்ப எதுக்குங்க கிண்டறீங்க?" என்றார். அவர் என்னிடம் குரலை உயர்த்த மாட்டார். மரியாதை கூடக்கூடத்தான் அவர் கோபம் தெரியும். "நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாமுங்க. ஞாபகமில்லீங்கன்னு ஒரே வார்த்தை. இத்தனை வருசமாச்சு, யாருக்குங்க ஞாபகம் இருக்கும்? புகார் குடுத்தது நானுங்க. நாளைக்கு நம்ம பனியனை வாங்கற வெளிநாட்டு பையர் கம்பெனிக்காரன் ஆடிட்டுக்கு வந்தான்னா, லேபரை ஸ்டேஷன்ல உட்டு அடிச்ச கம்பெனின்னு எழுதுவான். எண்ணூறு பேர் வேலை செய்யறாங்க. அவுங்க ஊட்டுல உலை வைக்க வேண்டாமுங்களா?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"என்ற தங்கச்சியை நெனச்சுப் பாருங்க. நாளைக்கு அவ பொறந்த ஊட்டுக்கு வரோணுமில்லீங்க."

சரீங்க மச்சான் என்று போனை வைத்தேன். வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. ஒத்துக்கொண்டேன் என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு எனக்கு என்மேல் வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

இரண்டாவது போன் நான் எதிர்பாராதது. அன்று எழுதிய ஏட்டு, பழனிச்சாமி. இப்போது எஸ்.ஐ. ஆகிவிட்டார், ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். மிரட்டுவார் என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு எடுத்தேன். மிரட்டவில்லை.

"நீங்க என்ன சொல்லோணுமோ சொல்லுங்க. நான் அதுக்குக் கூப்பிடலீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. எனக்கு டிரெயினிங் குடுத்தாங்க. பரேடு, கயிறு ஏறறது, துப்பாக்கி கழட்டி மாட்டறது, சல்யூட்டு எந்த உயரத்துல அடிக்கோணும்னு அத்தனையும் சொல்லிக்குடுத்தாங்க. ஒருத்தன்கிட்டக் கேள்வி எப்பிடிக் கேக்கோணும்னு ஒரு நாள் சொல்லிக்குடுத்தாங்களா? ஸ்டேஷனுக்கு வந்தா, பெரியவர் எப்பிடிக் கேக்கறாரோ அதுதான் பாடம். 'தானாக முன்வந்து, நல்ல மனநிலையில்'னு நானாங்க கண்டுபிடிச்சேன்? எனக்கு முன்னாடி இருந்த ரைட்டர் எழுதுனதைப் பார்த்து எழுதுனனுங்க. அவரு அவருக்கு முன்னாடி இருந்தவரைப் பார்த்து எழுதியிருப்பாரு."

"அவன் விரல் போனது உங்களுக்குத் தெரியுங்களா?" என்றேன்.

"அடிச்ச இன்ஸ்பெக்டரு ரிட்டயர்டு ஆகி ஊட்ல பேரனோட இருக்கறாருங்க. கையெழுத்து என்னோடது, அதனால பென்சன் எனக்குத்தான் நிக்கும். நான் செஞ்சது சரின்னு சொல்லலீங்க. என்ற கையிலயும் ரத்தமிருக்குதுங்க. ஆனா என்னைய மட்டும் தூக்கிப்போட்டுட்டு, நாளைக்கு வர்ற பசங்களுக்கு மறுபடியும் சல்யூட்டை மட்டும் சொல்லிக்குடுத்தாங்கன்னா, இதே பக்கத்தை இன்னொருத்தன் எழுதுவானுங்க. இதையும் சேத்திச் சொல்லுங்க, முடிஞ்சா."

அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதுவே பயமாக இருந்தது, ஏனென்றால் அவருக்கு நான் கொடுக்கிற தள்ளுபடியை நாளைக்கு எனக்கும் கொடுத்துக்கொள்வேன்.

4

கயலுக்கு எப்படித் தெரிந்தது என்றால், சுமதி என்னோடு சண்டை போட்ட சத்தத்தில் தெரிந்தது. சுமதிக்கு அவள் அண்ணன் சொல்லிவிட்டார். "என்னைய எங்கண்ணன் ஊட்டு வாசப்படி மிதிக்க உடாமப் பண்ணிராதீங்க" என்று அவள் அழ, நான் கத்த, கயல் மாடியிலிருந்து இறங்கி வந்து நின்றாள். பயிற்சிப் பள்ளிச் சட்டையை இஸ்திரி போட்டுக் கையில் மடித்து வைத்திருந்தாள்.

முழுக்கச் சொன்னேன். அவளுக்குத் தமிழ் பாதிதான் வரும். ஒன்பது வயதில் வந்தவள். நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் போல. கோபமில்லாமல், ஒவ்வொரு கேள்வியாக. அதுதான் தாங்க முடியவில்லை.

"சரீங்கன்னா ஓகேவா, யெஸ்ஸாப்பா?"

"ரெண்டும் இல்லை."

"அப்போ அந்த ரூம்ல அவரு யெஸ்ஸே சொல்லலை."

"இல்லை."

"அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அவரோட முழுப் பேரு என்ன?"

திலீப்-3 என்றுதான் எனக்குத் தெரியும். வக்கீலின் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துத்தான் சொன்னேன். கயல் தலையை ஆட்டினாள். எங்கள் வேலையில் முதல் கேள்வியே அதுதான் அப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனாள். அந்த வாரம் முழுக்க என்னிடம் வகுப்புக் கதை எதுவும் சொல்லவில்லை. அதற்கு முன் தினமும் சொல்வாள். பிள்ளைகள் விலகிப்போகிறார்கள் என்று இங்கே நம் ஆட்கள் கூடுகிற இடத்திலெல்லாம் ஒரே புலம்பல். மொழியால், சாப்பாட்டால், சிநேகிதத்தால் என்று. என் மகள் என்னைவிட்டு விலகியது நான் செய்த காரியத்தால். பதினோரு வருடத்தில் இந்த ஊர்மேல் போட்ட பழியில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஊரைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. தெருவில் எந்த நிறத்துப் பையன்களை அதிகம் நிறுத்திச் சோதிக்கிறார்கள் என்று கயலுக்கே தெரியும், அதைப் பற்றி அவளுக்கு வருத்தமும் உண்டு. அந்த நரைத்த அம்மாளும் வகுப்பில் சொன்னாராம், இந்த விதிகளெல்லாம் நல்ல மனதில் பிறந்தவை அல்ல, ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாராவது ஒருவர் செய்யாத குற்றத்துக்கு உள்ளே இருந்திருக்கிறார் என்று. இங்கே அதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். நாம் அதை ஃபைலில் வைத்துக் கட்டிவிடுகிறோம். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

5

விசாரணை வியாழக்கிழமை. அங்கே பிற்பகல் மூன்று மணி, இங்கே காலை பத்தரை. நான் விடுப்பு எடுத்திருந்தேன். சுமதி வேலைக்குப் போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கயலுக்கு அன்று மதிய வகுப்பு. என் எதிரே உட்காராமல், கேட்கிற தூரத்தில் சமையல் கட்டில் நின்றுகொண்டாள்.

திரையில் நான்கு கட்டங்கள். விசாரணை அதிகாரி, தட்டச்சு செய்கிறவர், வக்கீலம்மா, பிறகு திலீப். தன் ஊரில் ஏதோ ஒரு கணினிக் கடையில் உட்கார்ந்திருந்தான். தலை வழுக்கையாகியிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு கும்பிட்டான். கும்பிட்டுக் கையை மடக்கியபோது இரண்டு விரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தன.

சொன்னேன். அவன் இந்தியில் மறுத்ததை, தமிழில் சரீங்க என்றதை, அந்த வார்த்தையை நானே சொல்லிக்கொடுத்ததை, எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன பொருள் என்பதை. அதிகாரியும் கொங்கு நாட்டுக்காரர்தான் போல, அந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தார். பழனிச்சாமி சொல்லச் சொன்னதையும் சொன்னேன். அது இந்த விசாரணைக்கு வெளியே என்றார், இருந்தாலும் எழுதிக்கொள்ளச் சொன்னார். மச்சான் பெயர் வந்தபோது நாக்கு ஒருமுறை ஒட்டிக்கொண்டது. அதையும் சொன்னேன்.

முடிவில் அதிகாரி, தட்டச்சு செய்தவரைப் படித்துக் காட்டச் சொன்னார். அவர் வேகமாகப் படித்துக்கொண்டே வந்தார். "...மேற்படி வாக்குமூலத்தின் உள்ளடக்கம் உண்மையல்ல என்று அறிந்திருந்தும், காவல்துறையினருக்குப் பயந்து, வேறு வழியின்றிக் கையொப்பமிட்டேன்..."

நான் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் வழக்கமாக என்ன வருமோ அதை அவர் பழக்கத்தில் அடித்திருக்கிறார். சரியாக இருக்கிறதா என்றார் அதிகாரி. வக்கீலம்மா தலையசைத்தார். எனக்குச் சாதகமான வரி அது. மகள் காதில் விழுந்தாலும் பாதகமில்லாத வரி.

"அந்தப் 'பயந்து'ங்கறதை எடுத்துடுங்க" என்றேன். "'வேறு வழியின்றி'யும் வேண்டாமுங்க. எனக்கு ஒரு பயமும் இல்லீங்க. என்னைய யாரும் மிரட்டலீங்க. டீ குடுத்தாங்க, குடிச்சேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "யோசிச்சுச் சொல்லுங்க. இதை எடுத்துட்டா தெரிஞ்சே பொய்க் கையெழுத்துப் போட்டதா ஆகும். நாளைக்கு உங்க மேலயே நடவடிக்கை வரலாம்."

"தெரியுமுங்க."

"அப்புறம் ஏன் போட்டீங்க? காரணம்னு ஒண்ணு எழுதணுமில்ல?"

சமையல் கட்டில் கயல் கேட்டுக்கொண்டிருந்தாள். திலீப்புக்கு வக்கீலம்மா இந்தியில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன்.

"அன்னைக்கு பன்னெண்டு மணிக்கு எங்க கம்பெனியில இருந்து பனியன் லோடு போகோணுமுங்க. நேரமாயிருச்சுன்னு போட்டனுங்க. அப்படியே எழுதுங்க."